மூன்று விதமான காலி

அது முன்னாலே, இப்போது இல்லை என்றுதான் சொன்னேன். அதிலே பொய் என்ன இருக்கிறது. அந்த நர்ஸ் பிள்ளை டேப்லெட் கம்ப்யூட்டரை இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கை விரலால் எதையோ ஒன்றைத் தொட்டது, பிறகு இன்னொன்றைத் தொட்டது, சிரித்தது, "சரிம்மா" என்றது, போய்விட்டது. எதைத் தொட்டது என்று நான் பார்க்கவில்லை. என் கண் அவங்க மேலேயே இருந்தது. பச்சைத் துணியை மாட்டி, தலைக்கு ஒரு தாள் தொப்பி போட்டு, தள்ளுவண்டியில் படுக்கவைத்திருந்தார்கள். மீசை மட்டும்தான் என் வீட்டுக்காரர் செல்லத்துரையுடையது, மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியுடையது. "ஐயாவுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா? ஊசி, மாத்திரை, ஏதாவது?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது அவங்க படுத்தபடியே கையை என் பக்கம் நீட்டி, "என்கிட்ட கேக்காதீய பிள்ளே, உடம்புதான் என்னுது, அதோட வரலாறு பூரா அவ கையில" என்றார்கள். பிள்ளை டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, "பழைய ரெக்கார்டுல பென்சிலின்னு ஒண்ணு இருக்கேம்மா" என்றது. "அது முன்னாலே. இப்ப இல்ல. ஆண்டவர் சுகமாக்கிட்டாரு" என்றேன். அப்போதுதான் தொட்டது. பிறகு அவங்க வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்து, கன்னம் ஒட்டிய வாயோடு, "ஏளா, பத்திரமா வச்சிரு, சாயங்காலம் கறிக்குழம்பு தந்தா நான் எதை வச்சு மெல்லுவேன்" என்றார்கள். பிள்ளை சிரித்தது. நானும் சிரித்தேன். கல்யாண மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். சோப்பு போட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. விரல் இவ்வளவு மெலிந்துபோயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது பல் என் மடியில் இருக்கிறது, மோதிரம் என் உள்ளங்கையில் இருக்கிறது, ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். சின்ன ஆபரேஷன்தான், ஹெர்னியா. முதலில் முதுகில் ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் பேசிக்கொண்டே இருப்பார். பிறகு புண்ணில் கிருமி சேராமல் இருக்க ஒரு ஊசி, அதைப் போட்டுவிட்டுத்தான் கத்தியை எடுப்போம் என்று டாக்டர் நேற்றே சொல்லியிருந்தார். நேற்று அது காதில் விழுந்தது, அவ்வளவுதான். இப்போது உட்கார்ந்தபிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வருகிறது. கிருமி ஊசி. ஆண்டவரே, நான் சொன்னது பொய் இல்லை என்று உமக்குத் தெரியும். உமக்குத் தெரியும்தானே.

அன்றைக்கும் கிருமிக்குத்தான் ஊசி. பெரியவன் ஜோயல் பள்ளிக்கூடம் போயிருந்தான், ஹெப்சி என் இடுப்பில் இருந்தாள். அவங்க அப்போது குடிதண்ணீர் பம்ப் ஹவுசில் மோட்டார் ஆப்பரேட்டர், துருப்பிடித்த தகடு காலைக் கிழித்துவிட்டது என்று பஜாரில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். ஊசி போட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "என்னளா, கழுத்தெல்லாம் அரிக்கு" என்றார்கள். நான் வியர்க்குரு என்று நினைத்தேன். வியர்க்குரு என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்கச் சிவந்து தடித்தது. உதடு பெரிதானது. ஒரு பக்கம் மட்டும் முதலில், அதனால் சிரிக்கிற மாதிரி இருந்தது, நானும்கூட ஒரு நொடி, விளையாடுகிறார்கள் என்றுதான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார்கள், லீலா என்று வர வேண்டிய இடத்தில் சத்தம் வரவில்லை, மோட்டார் தண்ணீர் எடுக்காமல் காற்றை இழுக்கும்போது குழாயில் ஒரு சத்தம் கேட்குமே, அது வந்தது. விரலெல்லாம் வீங்கி இந்த மோதிரம் சதைக்குள் புதைந்துபோய் அங்கே ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஹெப்சி என் காதுக்குப் பக்கத்தில் வீறிட்டாள். டாக்டர் ஓடிவந்து வேறே ஊசியைத் தொடையில் குத்தினார், துணிக்கு மேலேயே குத்தினார். மூச்சு திரும்பி வந்தபிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பென்சிலின்மா. அந்த ஜாதி மருந்தே இவருக்கு ஆகாது. இன்னொரு தடவை ஏறினா நான் பக்கத்துல இருப்பேன்னு நினைக்காத. எங்க போனாலும் முதல்ல இதைச் சொல்லு" என்றார். சொன்னேன். வருஷக்கணக்காகச் சொன்னேன். கண்ணாடி போடப் போன இடத்திலும் சொன்னேன், வர்மக்காரரிடமும் சொன்னேன். "என் பேரைச் சொல்ல மறந்தாலும் இவ இதை மறக்க மாட்டா" என்று அவங்க கேலி பண்ணுவார்கள். இந்த ஆஸ்பத்திரியில் முன்பு கால்வலிக்கு வந்தபோதும் நான்தான் சொல்லியிருப்பேன், அதைத்தான் யாரோ எழுதி, அது எப்படியோ அந்த டேப்லெட் வரைக்கும் வந்திருக்கிறது. என் வாயிலிருந்து போனதுதான் அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான்தான் அதைப் போகச் சொன்னேன்.

யார் சொன்னது போகச் சொன்னேன் என்று. போய்விட்டதைப் போய்விட்டது என்றேன். எங்கள் ஜெபக்குழுவில் இந்த ஒரு காரியத்துக்காகவே உபவாசம் இருந்தோம், ஸ்டெல்லா அக்காதான் முன்னின்று நடத்தினார்கள், என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள், கை வைத்த இடம் சுட்டது என்று வீட்டுக்காரரே சொன்னார்கள். அதற்குப் பிறகு கடவாய்ப்பல் பிடுங்கினபோது அந்தப் பல் டாக்டர் கொடுத்த கேப்ஸ்யூலை நான் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன். கொடுத்து முடித்தபிறகுதான் நினைவு வந்தது. உட்கார்ந்து அவங்க கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு தடிப்பு இல்லை, ஒரு அரிப்பு இல்லை. ஐந்து நாளும் சாப்பிட்டார்கள். ஹெப்சி போனில், "எந்த மாத்திரைம்மா அது, பேரைப் படி" என்றாள். அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டேன், குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது. அந்த ஜாதிதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவில்லை. சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்றைக்குக் கோயிலில் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொன்னேன். மைக் கீச்சிட்டது, என் குரல் எனக்கே வேறே யாருடையதோ மாதிரிக் கேட்டது, என் வீட்டுக்காரர் சரீரத்தில் இருந்ததை ஆண்டவர் எடுத்துப்போட்டார் என்றேன், சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. வெளியே பந்தலில் அசனக் கறி கொதிக்கிற வாசனை, அதுகூட அந்த ஸ்தோத்திரத்தோடு சேர்ந்தே நினைவிருக்கிறது. சாப்பிடும்போது ஸ்டெல்லா அக்கா என் இலைப் பக்கம் குனிந்து, "லீலா, இனி யார் கேட்டாலும் இருக்குன்னு வாயால சொல்லாத. ஆண்டவர் தூக்கிப் போட்டதை நீ போய்ப் பொறுக்கிட்டு வராத" என்றார்கள். சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. கேட்கவும் யாரும் இல்லை, இன்றைக்கு வரைக்கும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. எப்போது எரிந்தது? தரை துடைக்கிற அம்மா வாளியை நகர்த்திவிட்டு, "லைட் போட்டுட்டா யாரும் உள்ள போகக்கூடாது, பயப்படாதீங்க, இப்பதான் ஆளைக் கட்டில்ல மாத்துவாங்க" என்றது. நான் ஒன்றும் கேட்கவில்லையே. என் முகத்தில் அப்படி என்ன தெரிந்தது.

அந்த டேப்லெட்டுக்குள் இருப்பது ஹெப்சி போட்டது. அதுதான் எனக்குப் பெருமையாக இருந்தது, காலையில் வாசலில் அதைப் பார்த்தவுடன் அந்த நர்ஸ் பிள்ளையிடம்கூடச் சொல்ல வாய் வந்தது, இது என் மகள் பண்ணினது என்று. பெங்களூரில் இருக்கிறாள், இந்த ஆஸ்பத்திரிக்கும் இதன் கிளைகளுக்கும் நோயாளிகளைப் பற்றின விவரம் எந்த ரூபத்தில் சேரணும், எந்த இடத்தில் எது நிற்கணும் என்று வகுக்கிற வேலை. ஸ்கீமா என்பாள். போன கிறிஸ்துமசுக்கு வந்தபோது சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்து வைத்துக்கொண்டு அச்சுமுறுக்கை ஒரு கையால் நொறுக்கிக்கொண்டே சொன்னாள். "முதல்ல ஒரு டேபிள் போட்டேம்மா. ஒத்துக்காத மருந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணு கட்டம். நாலாவது ஒண்ணு இருந்தா நர்சுங்க மூணாவது கட்டத்துலயே கமா போட்டு அடைச்சிட்டாங்க. சரி, காலியா விடக்கூடாதுன்னு கட்டாயம் பண்ணினேன். எல்லாரும் ஒரு புள்ளியை வச்சிட்டுப் போயிட்டாங்க. கம்ப்யூட்டர் பூரா புள்ளி. ஒரு ஆளுக்கு, டாக்டருக்குத் தெரியும்னு எழுதியிருக்கு, எந்த டாக்டருன்னு இல்ல." விழுந்து விழுந்து சிரித்தாள். அதனால் கட்டத்தை எடுத்துவிட்டு வரிசையாக்கிவிட்டாளாம். ஒருத்தருக்கு ஒன்றும் இருக்கலாம், ஏழும் இருக்கலாம், ஒவ்வொன்றோடும் என்ன தெரியுமோ அது மட்டும் ஒட்டிக்கொண்டு வரலாம், சிலதுக்கு வருஷம், சிலதுக்கு என்ன ஆச்சு என்கிற கதை, சிலதுக்குப் பேர் மட்டும். "ஜனங்க எப்படிச் சொல்லுதாங்களோ அப்படியே வாங்கிக்கணும்மா. நம்ம அச்சுல வார்த்துத்தான் தரணும்னா பொய் சொல்லிருவாங்க." எனக்கு அது விளங்கியது. வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவில் விண்ணப்பச் சீட்டு போடுவோம், ஒருத்தி சுகம் என்று ஒரே வார்த்தை எழுதியிருப்பாள், ஒருத்தி இரண்டு பக்கமும் மருமகள் கதை எழுதியிருப்பாள், ஒரு சீட்டில் பேர் மட்டும் இருக்கும், சில நேரம் ஒன்றுமே எழுதாத சீட்டும் பைக்குள் இருக்கும். அதையும் கையில் பிடித்து ஜெபிப்போம் என்று சொன்னேன். ஹெப்சி முறுக்கை வாயில் வைத்தபடி நின்றுவிட்டாள். "அதாம்மா எனக்குத் தூக்கம் வராம அடிக்குது. காலியிலயே மூணு விதம் இருக்கு. கேக்கவே இல்லைன்னா ஒரு காலி. கேட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொன்னா அது வேற காலி. கேட்டு, பதிலே சொல்லலைன்னா அது மூணாவது. ஸ்கிரீன்ல மூணும் ஒரே வெள்ளையாத் தெரியும். அந்த வெள்ளையிலதான் ஆளு செத்துப்போவான்." "அப்படிச் சொல்லாதட்டி" என்றேன். வாயால் சொன்னால் வந்துவிடும் என்கிற பயம் எனக்கு.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "அப்ப இருந்து போனவங்களை எங்க வைப்ப?" என்று கேட்டேன். "இருந்துச்சு, ஆண்டவர் எடுத்துட்டாருன்னு சொல்லுவாங்களே, அவங்க?" ஹெப்சி என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் ஜெபம் பண்ணும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். "நிறைய பேர் அப்படிச் சொல்லத்தான் செய்வாங்க. சின்னப் பிள்ளையில வீசிங் இருந்து வளந்தப்புறம் போனவங்க இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். டக்டக்கென்று தட்டினாள். ஒவ்வொன்றோடும் தீர்ந்துட்டு என்று போட ஒரு இடம் வைத்துவிட்டாள். "வேணும்னா நிரப்பலாம், வேண்டாம்னா விடலாம். உன் இடம்மா இது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் சாட்சிக்கு ஒரு இடம். ஜெபக்குழுவில் அப்படித்தான் சொன்னேன், ஸ்டெல்லா அக்கா கைதட்டினார்கள். ஹெப்சி அந்த இடத்தை வைத்த அன்றைக்கே அவள் மேலதிகாரி ஒருத்தர் கம்ப்யூட்டரிலிருந்து பேசினார், மெதுவான குரல், "ஹெப்சிபா, வாங்குற பக்கம் இவ்வளவு தாராளமா வச்சா, வாசிக்கிற பக்கம் அதைவிட ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். நான் முறுக்கு அச்சை எண்ணெயிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தேன். வாசிக்கிற பக்கம் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வாசிக்கிறவர்களும் மனுஷர்தானே, இருக்கிறதை வாசிப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் இப்போது எதை வாசிக்கிறார்கள். அந்தப் பிள்ளை முதலில் தொட்டது பென்சிலின் என்கிற வரியை. இரண்டாவது தொட்டது, இரண்டாவது தொட்டது நான் மகளைக் கேட்டு வாங்கின இடத்தை. அப்படித்தான் இருக்கணும். வேறே என்னத்தைத் தொட்டிருக்கும். அதனால் என்ன, வரி அங்கேதானே இருக்கும், பக்கத்தில் தீர்ந்துட்டு என்று இருக்கும், படிக்கிற டாக்டர் படித்தவர், எதுக்கும் வேறே மருந்து போடுவோம் என்பார். இல்லை, தீர்ந்துட்டு என்றால் தீர்ந்துட்டு என்பார். நல்லது, தீர்ந்துதானே இருக்கிறது. தீர்ந்திருந்தால் நான் ஏன் இந்த மோதிரத்தை இப்படி அழுத்திப் பிடித்திருக்கிறேன், உள்ளங்கையில் வட்டமாகப் பதிந்திருக்கிறது. விசுவாசம் இருக்கிறவள் கை இப்படி வியர்க்காது. எழுந்துபோய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னால் என்ன. என்ன சொல்ல. இருக்கு என்று சொல்லணும். சொன்னால் அசனப் பந்தலில் கேட்ட அத்தனை ஸ்தோத்திரத்தையும் நானே போய்த் திருப்பிக் கொடுத்த மாதிரி. சொன்னதும் அது வந்துவிட்டால்? இத்தனை வருஷம் இல்லாமல் இருந்தது, என் வாயைக் கேட்டு எழுந்து அவங்க தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால்? சொல்லாமல் இருந்து, அது போகாமலே இருந்திருந்தால்? ஆண்டவரே, எது உமக்குப் பிரியம். ஒரு பக்கம் காட்டும். கதவுக்குக் கீழே ஒரு இடைவெளி இருக்கிறது, அதில் வெளிச்சம் வருகிறது, யாரோ நடந்தால் வெளிச்சம் வெட்டுகிறது. ஒருத்தர் ஒரு பக்கமாகப் போனார். இரும்புத் தட்டில் எதையோ வைக்கிற சத்தம். தட்டில் வைத்தால் ஊசியாகத்தான் இருக்கும்.

மடியில் போன் அதிர்ந்தது. பல்செட்டுக் கவரும் சேர்ந்து அதிர்ந்தது, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹெப்சி. எல்லாக் கிளையிலும் இந்த வாரம்தான் அவள் வகுத்ததை ஓடவிடுகிறார்கள், அதனால் லீவு கிடைக்காமல் அங்கேயே இருக்கிறாள். "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்மா? அழுதியா?" "அழலைட்டி." "பல்லைக் கழட்டச் சொன்னதுக்கு அப்பா சண்டை போட்டிருப்பாரே." "கறிக்குழம்பு கேக்காவ." அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்கு அதை உடைக்க மனசு வரவில்லை. சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். "ஏட்டி, தீர்ந்துட்டுன்னு ஒரு இடம் வச்சியே, அதுல ஆமான்னு போட்டா, அப்புறம் அந்த வரி எங்க போகும்?" "எங்கயும் போகாது. உள்ளேயேதான் இருக்கும். நாங்க எதையும் அழிக்க மாட்டோம்மா." அப்பாடா என்று மூச்சு வந்தது. "அப்ப உள்ள இருக்கிற டாக்டருக்குத் தெரியும்." "வார்டுல திறந்து பார்த்தா தெரியும். ஆபரேஷன் தியேட்டர் ஸ்கிரீன்ல வராது. அங்க இப்ப இருக்கிறது மட்டும்தான். பழசு எல்லாத்தையும் காட்டினா முக்கியமானது கண்ணுல படாமப் போயிரும்னு நான்தான்..." நின்றுவிட்டாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். "அம்மா. ஏன் கேக்க?" நான் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். "அப்பாகிட்ட மருந்து பத்திக் கேட்டாங்களா? நீ என்ன சொன்ன? அம்மா, நீ என்ன சொன்ன?" "அது முன்னாலே, இப்ப இல்லன்னு." அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தரையில் விழுந்தது. "கதவைத் தட்டு. இப்பவே. அம்மா, போய்க் கதவைத் தட்டும்மா" என்று கத்தினாள், அது போனிலிருந்து வந்த மாதிரி இல்லை, அன்றைக்கு என் காதுக்குப் பக்கத்தில் வீறிட்ட மாதிரியே இருந்தது.

எழுந்தேன் என்று நினைக்கிறேன். பல் கீழே விழுந்தது. கதவைக் கையால் தட்டினேனா மோதிரத்தால் தட்டினேனா, கண்ணாடியில் கணீர் கணீர் என்று சத்தம், தரை துடைக்கிற அம்மா, "ஐயோ, தட்டக்கூடாதும்மா" என்று என் தோளைப் பிடித்தது, நான் தட்டிக்கொண்டே இருந்தேன். கதவு ஒரு சாண் திறந்தது. அதே பிள்ளைதான், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும். "என்னம்மா இது, லைட் எரியுதுல்ல?" கண்ணுக்குள் அசன நாள் வந்து நின்றது. ஸ்டெல்லா அக்கா என் இலைப் பக்கம் குனிந்தார்கள். மைக் கீச்சிட்டது. "இருக்கு" என்றேன். "என்ன இருக்கு?" "பென்சிலின். ஆகாது. இன்னும் இருக்கு." "நீங்கதானம்மா போயிட்டுன்னு..." "இருக்கு பிள்ளே, இருக்கு, அவியளுக்கு இருக்கு, போட்டுராதீய." ஒரே மூச்சில் மூன்று தடவை சொல்லிவிட்டேன். அந்தக் கண் ஒரு நொடி என்னைப் பார்த்தது, பிறகு அகலமானது, கதவை விட்டுவிட்டுத் திரும்பி ஓடியது. நர்சுகள் வேகமாக நடப்பார்கள், ஓடி நான் பார்த்ததில்லை. கதவு தானாகவே வந்து மூடிக்கொண்டது. உள்ளே ஆண் குரல் ஒன்று உயர்ந்தது, என்ன சொன்னது என்று தெரியவில்லை. யாரோ, "ஐயா! ஐயா, இங்க பாருங்க!" என்றார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள். பேசிக்கொண்டே இருப்பார் என்றார்களே, பேசுகிற ஆளை எதற்கு அப்படிக் கூப்பிடணும். நான் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டேன். குளிர்ந்திருந்தது. ஜெபம் பண்ணப் பார்த்தேன். சுகமாக்கும் என்று கேட்கலாமா, சுகமாக்கிவிட்டீர் என்று சொன்னவள் நான், இருக்கு என்று சொன்னவளும் நான், எந்த லீலா பேசினால் அவர் காது கொடுப்பார். அப்பா, அப்பா என்று மட்டும் சொன்னேன். கீழே போனில் ஹெப்சியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், அவள் அவளுடைய அப்பாவை.

கதவு திறந்தது. பிள்ளை மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கியிருந்தது, மூக்குக்கு மேலே வேர்வை. "ஊசியில ஏத்தி கையில வச்சிருந்தாங்கம்மா. போடல. வேற மருந்து மாத்திட்டாங்க." சுவரைப் பிடித்துக்கொண்டேன். "பேச்சு... பேசுதாவளா?" "பேசுதாரா? கதவை யாரு உடைக்கா, எம் பொண்டாட்டியான்னு கேக்காரு." சிரிக்கப் பார்த்தது, முடியவில்லை, சின்னப் பிள்ளைதான் அதுவும். டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தது. "நான் இப்ப என்ன போடட்டும்மா?" "இருக்குன்னு போடுங்க." இந்தத் தடவை விரலைப் பார்த்தேன். முதலில் பென்சிலினைத் தொட்டது. பிறகு அந்தப் பக்கத்து இடத்தைத் தொட்டது, அதில் இருந்த அடையாளம் போய்விட்டது. அவ்வளவு லேசாக. ஆண்டவர் எடுத்தாரா எடுக்கவில்லையா என்று இனி நான் தெரிந்துகொள்ளப்போவதில்லை, தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த ஊசியைப் போட்டுத்தான் பார்க்கணும். அடுத்த அசனத்துக்கு மைக்கைக் கையில் கொடுத்தால் என்ன சொல்லுவேன். தரை துடைக்கிற அம்மா பல்லை எடுத்துக் கவரோடு என் கையில் கொடுத்து, "உடையல, உக்காருங்க" என்றது. உட்கார்ந்தேன். போனைத் தேடினேன். நாற்காலிக்கு அடியில் கிடந்தது, இன்னும் ஹெப்சி அதற்குள் இருந்தாள்.

"போடலையாம்ட்டி. கையில வச்சிருந்தாவளாம், போடல. ஸ்தோத்திரம் சொல்லு."

"கேட்டுச்சும்மா." மூக்கை உறிஞ்சினாள். ஸ்தோத்திரம் சொல்லவில்லை. டக்டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது.

"அழாத. அதான் ஒண்ணும் ஆகலையே. இன்னும் என்ன செய்யுத?"

"தீர்ந்துட்டுன்னு போட்டவங்க வேற யாரு யாருன்னு எல்லாக் கிளையிலயும் கம்ப்யூட்டரைத் தேடச் சொல்லியிருக்கேம்மா. இன்னைக்கு ஆபரேஷன் இருக்கிறவங்க மட்டும். தியேட்டருக்குப் போன் போடணும்."

என்னை மாதிரி இன்னொருத்தி இருப்பாள் என்று எனக்கு அதுவரைக்கும் தோன்றவே இல்லை. இதே மாதிரிக் கதவு, இதே மாதிரி நாற்காலி, சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள்.

"பேரு வருதா?"

"வருது."

தட்டுகிற சத்தம் நின்றிருந்தது.

"பேரு வாறது நின்னுட்டா?"

"இல்லம்மா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இப்ப?"

"இல்ல."